எழுந்திருக்கத் தோன்றாத நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை முழுவதும் நோயாளியாக இருந்தேன். ஆம்புலன்ஸ் விமானத்தின் ஸ்ட்ரெச்சரில் என்னைப் படுக்கவைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, நாலு பேர் தூக்கிச் சின்னக் கதவு வழியாக உள்ளே செருகினார்கள். முதல் தடவை முழங்கை இடித்தது. அடுத்த தடவை தலை. வெட்டுப் பிரிவின் பொறுப்பாளர் கீழே நின்று வேடிக்கை பார்த்தார். அவரை எல்லோரும் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிடுவோம், வாயும் அப்படித்தான். “ஏறும்போதே செத்துட்டா டிக்கெட் காச திருப்பித் தருவாங்களா மேடம்?” என்றார். கடைசியில் கதவுச் சட்டத்தில் ஓர் உருளை பொருத்தினோம். அதன் பிறகு இடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனேன்.

பஸ் சீட் செய்துகொண்டிருந்தவள் நான். இன்று நம் நாட்டிலேயே வடிவமைத்து, நம் நாட்டிலேயே செய்த சின்னப் பயணிகள் விமானத்தின் இருக்கைப் பிரிவுக்குத் தலைமை. நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். லாரிகள் மட்டும் நின்ற அந்தச் சாலையில் இப்போது இறக்கைக்கு ஒரு கம்பெனி, எஞ்சினுக்கு ஒரு கம்பெனி, கம்பி வடத்துக்கு ஒரு கம்பெனி. டீக்கடைக்காரர்கூட ரிவெட் ஆணி பற்றிப் பேசுகிறார்.

மாலையில் தம்பி அதே விமானத்தைச் சோதனைக்கு எடுத்துப் போய் இறக்கினான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே என் பிரிவுக்கு வந்து, “அக்கா, உன் சீட்டுதான் பறந்துச்சு. நான் சும்மா துணைக்குப் போனேன்” என்றான். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. நான்தான் வளர்த்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன் தெரியவிட்டதே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மூன்று கம்பெனிகள் ஒன்றாகிவிட்டன. எங்களுடையது, இறக்கை செய்வது, கேமரா செய்வது. இனி நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி நாங்கள்தானாம். பெரிய கேக் வெட்டினார்கள். கைதட்டல். என் பெண்கள் கேக்கை டிஷ்யூவில் சுருட்டிப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போனார்கள்.

கேமரா கம்பெனி நமக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இவர், என் வீட்டுக்காரர், குடிநீர் வாரியத்தில் இருப்பவர். வீட்டில் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாங்க ஒரு குழாய மாத்தணும்னா தெருவையே தோண்டுவோம். உங்க ஆளுங்க முதலாளியவே மாத்திட்டாங்க, ஒரு சத்தமும் இல்ல.”

மே 6, செவ்வாய்

புது மேலாளர் வந்திருக்கிறார். நல்ல உயரம், மெல்லிய குரல். எதற்கும் கோபம் வராது. இரண்டாவது நாளே கத்திரி அவருக்கு ‘வெண்ணெய்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

ஸ்ட்ரெச்சர் வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார். மருத்துவமனைகளின் ஆர்டர் என்ன ஆயிற்று என்றேன்.

“ரத்து பண்ணல மேடம். தள்ளி வச்சிருக்கோம்.”

“எதுவரைக்கும்?”

“நிலைமை தெளிவாகிற வரைக்கும்.”

எந்த நிலைமை? கேட்பதற்குள் கை குலுக்கிவிட்டார்.

மே 19, திங்கள்

மூன்றாம் கூடத்துக்கு அளவுப் பலகை கேட்கப் போனேன். இனி அங்கே போக எனக்கு அனுமதி இல்லை என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. போகும்போது காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

உள்ளே ஒரு புது விமான உடல் நின்றது. ஒல்லியாக, சாம்பல் நிறத்தில், உரித்த மீன் போல. ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஜன்னலுக்கான ஓட்டை இல்லை. கதவும் இல்லை. மூக்கின் அடியில் மட்டும் ஒரு கண்ணாடி உருண்டை.

அங்கே வேலை பார்த்த பையனிடம், “கதவு எந்தப் பக்கம் வெட்டப் போறீங்க?” என்றேன்.

அவன் முகத்தில் அவ்வளவு ஆச்சரியம். “உள்ள போறதுக்கு யாரும் இல்லையே மேடம்.”

ஜூன் 12, வியாழன்

போன்களை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். கேன்டீனில் யாரும் பேசுவதில்லை. தட்டுச் சத்தம் மட்டும்.

ஜூலை 2, புதன்

இருக்கைப் பிரிவை மூடப் போகிறார்களாம். நெருப்பில்லாமல் புகையாது. ஆளில்லாத விமானத்தில் யாருக்கு இருக்கை?

என் பிரிவில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பாதிப் பேரை நான்தான் பஸ் சீட் கம்பெனியிலிருந்து கூட்டி வந்தேன். “வாங்கடி, விமானத்துக்குத் தைக்கலாம்” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவள் நான். இப்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்கும் விதமே வேறு. மெஷின் பெடலை மிதித்துக்கொண்டே பார்க்கிறார்கள். தையல் கோணலாகப் போகிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஜூலை 21, திங்கள்

வெண்ணெய் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். “உங்க பிரிவு எங்களுக்கு ரொம்ப வேணும் மேடம்” என்றார்.

ஒரு நாற்காலி வேண்டுமாம். விமானத்துக்குள் வைக்க அல்ல. தரையில் வைக்க. விமானத்தை ஓட்டுகிறவர் ஓர் அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு ஷிப்டு எட்டு மணி நேரம். முதுகு வலிக்கக் கூடாது, கால் மரத்துப் போகக் கூடாது, வியர்க்கக் கூடாது.

“எழுந்திருக்கணும்னே தோணக் கூடாது. அப்படி ஒண்ணு செய்வீங்களா?”

“எதுக்காக ஓட்டுறது?” என்றேன்.

“கண்காணிப்பு. காட்டுத் தீ, வெள்ளம், எல்லை. எல்லாம் பாதுகாப்புக்குத்தான்.”

கீழே வந்து சொன்னதும் பெண்கள் கத்தினார்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று எப்படி எழுதுவது? தீ, வெள்ளம், எல்லை என்று மூன்று சொன்னார். நான் முதல் இரண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் பெண்டாட்டி மழலையர் பள்ளி ஆசிரியை. குழந்தைக்கு இப்போதுதான் தலை நின்றிருக்கிறது. அவள் உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான்.

“சோதனைப் பறப்பு இனிமே இல்லையாம்க்கா. ஆளுங்கள மாத்துறாங்க. எனக்குத் தரையில வேலை.”

“அந்த அறையா?”

“உனக்குத் தெரியுமா?”

“நாற்காலி நான்தான்டா செய்றேன்.”

பலமாகச் சிரித்தான். “பாருங்க அத்தான், வளர்த்தது பத்தாதுன்னு உட்காரவும் வைக்கிறா” என்று இவரிடம் சொன்னான். சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: “மேல போகாம பறக்கிறதுக்குப் பேரு என்னக்கா?”

வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் இவர். தம்பி குழந்தை இருந்த அறையைக் கண்ணால் காட்டினான். நாட்டில் சோதனை பைலட் வேலை கொடுக்க இப்போது வேறு கம்பெனியும் இல்லை. எல்லாம் ஒன்றாகிவிட்டதே.

செப்டம்பர் 9, செவ்வாய்

தம்பிக்கு அளவு எடுத்தேன். முதுகுத்தண்டின் வளைவு, தொடை நீளம், முழங்கை உயரம், விரல் எட்டும் தூரம். சின்ன வயதில் பள்ளிச் சட்டைக்கு அளவெடுத்தபோது நெளிந்த மாதிரியே இப்போதும் நெளிந்தான்.

கத்திரி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “உயிரோட இருக்கிறவனுக்கு அளவு எடுக்கிறது தையக்காரன், மத்தவனுக்கு எடுக்கிறது சவப்பெட்டிக்காரன். நாம எந்தக் கணக்குல சேர்த்தி மேடம்?” என்றார்.

தம்பி சிரித்தான். நான் நாடாவைச் சுருட்டிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முடிந்தது. மூன்று அடுக்கு ஃபோம், மேலே காற்றுப் போகும் வலைத்துணி, வால் எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம். எல்லோரும் போன பிறகு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். உடம்பு இருப்பதே மறந்துவிட்டது. கை எங்கே, கால் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. துப்புரவு செய்கிற அம்மா வந்து தோளைத் தொட்டபோதுதான் விழித்தேன்.

இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

ஆற்றில் வெள்ளம். டி.வி.யில் முழுக்க அதுதான். கூரைமேல் ஒண்டிக்கொண்டிருந்த குடும்பங்களை எங்கள் விமானம் கண்டுபிடித்துப் படகுகளுக்கு வழி காட்டியிருக்கிறது. ஒரு மரத்தில் தொத்திக்கொண்டிருந்த கிழவரைத் தம்பிதான் பார்த்தானாம். இலைகளுக்கு நடுவில் ஒரு சட்டைக் கை தெரிந்ததாம்.

போனில் அவன் குரல் பொங்கியது. “அக்கா, ஷிப்டு முடிஞ்சும் நான் எழுந்திரிக்கல. உன் நாற்காலி இருக்கே… ராஜா மாதிரி இருக்கு.”

நானும் அழுதேன். சந்தேகப்பட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. கம்பெனி வாசலில் பெரிய தட்டி: உயிர் காக்கும் சிறகுகள்.

நவம்பர் 13, வியாழன்

வெண்ணெய் தானே என் பிரிவுக்கு வந்தார். நாற்காலியில் சின்ன மாற்றம். வலது கைப்பிடியில் இன்னொரு பொத்தானுக்கு இடம் வேண்டும். அதன்மேல் ஒரு மூடி. சும்மா விரல் பட்டுவிடக் கூடாது. தூக்கிவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.

“என்ன பொத்தான் சார்?”

“இன்னும் முடிவாகல மேடம்.”

முடிவாகாத ஒன்றுக்கு இவ்வளவு பத்திரமா? கேட்கவில்லை. மூடிக்கு ஸ்பிரிங் வைத்தேன். விரல் வழுக்காமல் இருக்க ஓரத்தில் சின்ன வரிகள். தம்பியின் கட்டைவிரல் அளவு எனக்கு மனப்பாடம். பிறகு ஒன்று தெரிந்தது. மூடியைத் தூக்கி, அழுத்தி, மறுபடி மூடுவதைக் கையை நாற்காலியிலிருந்து எடுக்காமலே செய்யும்படி வடிவமைத்திருக்கிறேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை. என் கை பழக்கத்தில் நல்லதாகச் செய்துவிட்டது.

டிசம்பர் 5, வெள்ளி

எல்லையில் மோதல். மாலைச் செய்தியில் ஒரு படம் காட்டினார்கள். மேலிருந்து எடுத்தது, கறுப்பு வெள்ளை. ஒரு வீடு, முற்றம், சுற்றுச்சுவர். நடுவில் ஒரு சிலுவைக் குறி. பிறகு எல்லாம் வெள்ளை. பிறகு புகை. சத்தமே இல்லை. அதுதான்… சத்தமே இல்லை.

“முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு” என்று செய்தி வாசித்தவள் சொன்னாள். முகத்தில் பெருமை.

இவர் ரிமோட்டை எடுத்து அணைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். கடையில் இருப்பதாகச் சொன்னான். தக்காளி வாங்குகிறானாம். குரல் சாதாரணமாக இருந்தது. ரொம்பச் சாதாரணமாக.

டிசம்பர் 8, திங்கள்

கேன்டீனில் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். கைதட்டினார்கள். என் கையும் தட்டியது.

ஜனவரி 11, ஞாயிறு

தம்பி பெண்டாட்டி தனியாக வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள்.

“அண்ணி, அவர் வீட்டுல உட்காரவே மாட்டேங்கிறார்.”

“என்னது?”

“நின்னுக்கிட்டே சாப்பிடுறார். நின்னுக்கிட்டே டி.வி. பார்க்கிறார். குழந்தைய வாங்கிக்கச் சொன்னா நடந்துக்கிட்டே வச்சிருக்கார். பஸ்ஸுல காலி சீட்டு இருந்தாலும் கம்பியப் பிடிச்சு நிக்கிறார். கேட்டா ‘ஒண்ணுமில்ல, பழகிடுச்சு’ங்கிறார்.”

“சண்டை ஏதாவது…?”

“சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே அண்ணி. அவ்வளவு நல்லவரா இருக்கார். பாத்திரம் கழுவறார், துணி மடிக்கிறார். எனக்குப் பயமா இருக்கு.”

குழந்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வேலைக் களைப்பு, சரியாகிவிடும். அப்படி ஏதோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு.

பிப்ரவரி 1, ஞாயிறு

தம்பியை வரச் சொல்லியிருந்தேன். வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். நாற்காலி போட்டேன். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான்.

தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினான். எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை.

“ஒரு வீட்ட வாரக்கணக்கா பார்த்துக்கிட்டே இருப்போம்க்கா. காலையில ஒரு பெரியவர் முற்றத்துல உட்கார்ந்து சவரம் பண்ணுவார். கண்ணாடிய ஒரு சின்னப் பொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். அது ஆட்டும், அவர் திட்டுவார். சத்தம் கேட்காது, ஆனா திட்டுறார்னு தெரியும். அந்த வீட்டு அம்மா ஒரு ஆட்டுக்குப் பேரு வச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். அவங்க கூப்பிட்டா அந்த ஒண்ணு மட்டும் திரும்பும்.”

நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.

“அப்புறம் ஒருநாள் சொல்வாங்க.”

“யாரு சொல்வாங்க?”

“காதுல சொல்வாங்க, ஹெட்செட்டுல.”

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் சொன்னான்.

“முடிஞ்ச பிறகும் பார்க்கணும். யார் யார் வர்றாங்கன்னு. கிட்டத்துல போய்ப் பார்க்கணும். அப்பவும் எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. நெஞ்சு படபடக்கல. முதுகு பிடிக்கல. கால்கூட மரத்துப் போகல. எல்லாம் அவ்வளவு சொகமா இருக்கு.” என் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர் இல்லை, சிறு பிள்ளை எதையோ வாங்கித்தரக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை. “கொஞ்சம் வலிக்கிற மாதிரி செய்ய முடியாதாக்கா?”

கட்டிக்கொள்ளப் போனேன். விலகினான். “வேணாம்க்கா” என்றான். இறங்கிப் போனான்.

வேலையை விட்டுவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? விட முடியாதாம். ஏதோ ஐந்து வருஷம் என்று எழுதி வாங்கியிருக்கிறார்களாம். அது பிறகு இவர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று இவரிடம் சொன்னானாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆழம் தெரியாமல் காலை விட்டேன், தெரிந்த பிறகாவது ஏதாவது செய்யலாம் என்று வெண்ணெயிடம் போனேன். அறையில் உட்காருகிறவர்களுக்கு நடுவில் இடைவேளை அதிகம் வேண்டும், ஷிப்டைக் குறைக்க வேண்டும் என்றேன். தம்பி பெயரை எடுக்கவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. “உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நானே நினைச்சேன் மேடம். ஆரம்பத்துல எட்டு மணி நேரத்துக்கு நடுவுல நாலு இடைவேளைன்னு திட்டம் போட்டிருந்தோம். உங்க நாற்காலி வந்த பிறகு யாருமே எழுந்திரிக்கிறதில்ல. அதனால இடைவேளையக் குறைச்சு ஷிப்ட நீட்டிட்டோம். பன்னிரண்டு.”

என் காதுக்குள் கொய்யென்றது.

“இன்னும் முன்னூறு நாற்காலி வேணும். உங்க பிரிவுக்கு வேலையே குறையாது.”

கீழே வந்தேன். பெண்களுக்குச் செய்தி முன்பே வந்துவிட்டது. புது மெஷின் வருமா, ஓவர்டைம் உண்டா என்று மொய்த்துக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நான் விலகினால் வேறொருத்தி செய்வாள். என் வரைபடத்தை வைத்தே செய்வாள். அச்சு அசலாக வரும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

விலகப் போவதில்லை.

மார்ச் 3, செவ்வாய்

கத்திரியை மதியம் சரக்கு அறைக்குக் கூப்பிட்டேன். அடி அடுக்கு ஃபோமின் அடர்த்தியை மாற்ற வேண்டும் என்றேன். பார்க்க அதே நிறம், அதே தடிமன். உட்கார்ந்த புதிதில் அதே சுகம். ஆனால் உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். நாலைந்து மணி நேரத்தில் அடித்தகடு வால் எலும்பில் முட்டும். எழுந்து நடந்தால்தான் ஆகும். சோதனைக்கு உட்காருகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லை.

கத்திரி முதல் தடவையாக நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. ஃபோம் துண்டைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

“தெரிஞ்சே கெட்ட வேலை பண்ணச் சொல்றீங்க.”

“ஆமா.”

“எதுக்குன்னு கேட்கலாமா?”

“எழுந்திரிக்கணும்னு தோணணும். அவ்வளவுதான்.”

“கண்டுபிடிச்சாங்கன்னா?”

“நான் சொல்லித்தான் வெட்டினீங்கன்னு சொல்லிடுங்க.”

“அது சரி” என்றார். “என் பொண்டாட்டி கேட்டாகூட நான் இவ்வளவு சட்டுனு ஒத்துக்கிட்டதில்ல.” வெளியே போனவர் திரும்பி வந்தார். “என் மச்சினன் ஊரு எல்லைக்குப் பக்கம் மேடம். இந்தப் பக்கம்தான். ஆனா பக்கம்.”

மார்ச் 19, வியாழன்

முதல் நூறு நாற்காலிகள் போய்விட்டன. தம்பியின் அறையில் பழையவற்றை எடுத்துவிட்டு இவற்றைப் போட்டிருக்கிறார்கள்.

யாருக்கு வலி கொடுக்கிறேன்? தம்பிக்கும் தம்பி மாதிரி இருக்கிறவர்களுக்கும். அவர்கள் எழுந்து பத்து நிமிஷம் நடந்தால் கீழே அந்த வீடு பிழைத்துவிடுமா? அந்தப் பத்து நிமிஷத்துக்கு வேறொருவன் உட்காருவான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒருவன் நடந்து ஜன்னலோரம் போய் வெளியே ஒரு மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், காதில் சொல்லும்போது ‘இல்ல’ என்று சொல்ல மாட்டானா? ஒரே ஒருவன்?

ஏப்ரல் 22, புதன்

புகார்கள் வருகின்றன. முதுகுவலி, இடுப்புவலி. இரண்டு பேர் நடு ஷிப்டில் எழுந்து வெளியே போய்விட்டார்களாம். ஒருவர் திரும்பி வரவே இல்லையாம்.

தம்பி போன் செய்தான். “வலிக்குதுக்கா” என்றான். அவ்வளவுதான். பிறகு ரொம்ப நேரம் மூச்சு மட்டும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மே 14, வியாழன்

எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் அரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் கையோடு ராஜினாமா எழுதி வைத்துக்கொண்டுதான் போனேன். நாற்காலி விவகாரம் வெளியே வரும், என் பெயர் வரும் என்று நினைத்தேன்.

அதைப் பற்றிப் பேச்சே இல்லை. திரையில் அதே சாம்பல் விமானம். வெண்ணெய் மேடையேறி, அடுத்த தலைமுறை தயார் என்றார். இனி அறை வேண்டாம், ஷிப்டு வேண்டாம், ஓட்ட ஆள் வேண்டாம். அதுவே பார்க்கும். அதுவே அடையாளம் காணும். அதுவே முடிவெடுக்கும். முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். கைகுலுக்கினார்.

“வருத்தப்படாதீங்க மேடம். உங்க நாற்காலி மேல புகார் வந்தது ஒருவகையில நல்லதாப் போச்சு. மேலிடம் யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க, மனுஷன எடுத்துடலாமா வேணாமான்னு. இந்த அறிக்கையெல்லாம் பார்த்ததும் உடனே ஒப்புக்கிட்டாங்க. மனுஷன உட்கார வைக்கிறதுதானே எப்பவும் தொல்லை?”

அவருக்குத் தெரியுமா? தெரியாதா? அந்தச் சிரிப்பில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேருந்தில் வரும்போது என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மே 15, வெள்ளி

நான்தான். ஆளை எடுத்துவிட அவர்களுக்குக் காரணத்தை நான்தான் கொடுத்தேன். வேண்டுமென்று யோசித்துச் செய்த ஒரே நல்ல காரியம்… இல்லை, எழுத வரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுப் பழைய பஸ் சீட் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. கத்திரியும் வந்துவிட்டார். என் பெண்களில் சிலர் வந்தார்கள். மற்றவர்களுக்கு அங்கேயே கம்பி வடம் கட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள். சம்பளம் கூடுதலாம். போகிற வழியில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

தம்பியை விடுவித்துவிட்டார்கள். எழுதி வாங்கிய ஐந்து வருஷத்தையும் அவர்களே கிழித்துப் போட்டுவிட்டார்கள். ஆள் வேண்டாம் என்றானபின் ஒப்பந்தம் எதற்கு?

இன்று எல்லோரும் சாப்பிட வந்திருந்தார்கள். தம்பி சோபாவில் உட்கார்ந்தான். நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம். அவன் பெண்டாட்டி மட்டும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை அவன் மடியில் ஏறிக் காதைத் திருகியது. சாப்பிட்ட பிறகு இருவரும் அப்படியே தூங்கிப்போனார்கள், அவன் நெஞ்சில் அது.

பின்மதியம் அந்தச் சத்தம் வந்தது. உயரத்தில், மெல்லிசாக, அடுத்த அறையில் யாரோ நிறுத்தாமல் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி. இப்போதெல்லாம் எல்லைக்கு மட்டும் போவதில்லை; ஊர்களின் மேலேயும் சுற்றுகிறது. பாதுகாப்புக்கு என்று சொல்கிறார்கள். தம்பி கண்ணைத் திறந்தான். அசையவில்லை.

“இப்ப யாருங்க அத ஓட்டுறது?” என்று அவன் பெண்டாட்டி கேட்டாள்.

“யாரும் இல்ல.”

“அது தப்பாப் பார்த்துடுச்சுன்னா?”

குழந்தையின் முதுகில் இருந்த கையை அவன் எடுக்கவில்லை. “தப்புன்னு சொல்றதுக்கு அங்க ஒரு ஆள் இருக்கணும்ல” என்றான்.

மழை வருகிற மாதிரி இல்லை. ஒரு மேகம்கூட இல்லை, மேலே அந்தச் சத்தம் மட்டும். ஆனாலும் நான் மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எல்லாம் உருவிக்கொண்டு வந்தேன். காலையில் வந்ததும் அலசிப் போட்ட குழந்தையின் சின்னச் சட்டைகள் அவற்றில் இருந்தன. இன்னும் ஈரம். இவர் எழுந்து போய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார்.